மாடியில் சித்தப்பா, தெருவில் அவர் பாட்டு

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நாம் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒருவரின் போனில் அந்தப் பாட்டு அடித்தது. தம்பி, நீ உடனே ஆட ஆரம்பித்தாய். சித்தப்பா எழுந்து பெட்டிக்கடைப் பக்கம் போய், தேவையே இல்லாத ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு அடங்கிய பிறகுதான் வந்தார். வீட்டுக்கு வந்ததும் பாப்பா, நீ என்னிடம் கேட்டாய்: "அது சித்தப்பாவப் பத்தின பாட்டுதானப்பா? அவருக்கே ஏன் புடிக்கல?"

அன்றைக்கு நான் வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியில் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நடந்தபோது நீங்கள் இருவரும் அதே வீட்டில்தான் இருந்தீர்கள். உங்களுக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு மாதிரி இருந்தது. எங்களுக்கு அப்படி இல்லை.

சித்தப்பா டி.வி.யில் ஆடிய காலம் உங்களுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் நம் ஊரில், கொல்லையில் மல்லாட்டை, கடையில் வேர்க்கடலை என்பார்களே, அதைப் பிடுங்கி முடிந்ததும் பிள்ளைகள் தண்ணீர் தெளித்து மண்ணை மிதித்துச் சமமாக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டுக் கபடி ஆடுவோம். நானும் ஆடினேன், சுமாராக. அவர் அந்த மண்ணிலிருந்து கிளம்பி, மாவட்டம், மாநிலம் என்று போய், கடைசியில் பெரிய அணி ஒன்றில் சேர்ந்து, மெத்தை விரித்த மைதானத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஆடினார். எதிரணிக் கோட்டுக்குள் போவதை எங்கள் ஊரில் பாடிப் போவது என்போம். "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு விடுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரணி ஆட்கள் கைகோத்து நின்று வழியை அடைப்பார்கள். அதற்குச் செயின் என்று பெயர். மற்றவர்கள் செயினுக்குள் மாட்டினால் முடிந்தது. சித்தப்பா மட்டும் அதன் மேலேயே எகிறி அந்தப் பக்கம் குதித்துவிடுவார். அந்த ஒரு எகிறலுக்காகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

அவர் வந்தது சித்திரை வெயில் ஆரம்பித்த நேரம். விடிந்தும் விடியாமலும் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வரும் வழக்கம் அவருக்கு இல்லை. உள்ளே வந்து படியேறியபோது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தார். உங்கள் அம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா தம்பி, கால்ல இன்னா?"

"ஒண்ணும் இல்லண்ணி."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்டி ஏறுறீங்க?"

முட்டியில் ஜவ்வு கிழிந்து, கம்பி வைத்த கட்டுப் போட்டிருந்தார்கள். ஒருமுறை கிழிந்து ஆறிய இடத்திலேயே மறுபடியும் கிழிந்திருந்தது. சென்னையில் டாக்டர், ஆபரேஷன் செய்தால் நன்றாக நடக்கலாம், ஆனால் இனி கபடி கூடாது என்று சொல்லிவிட்டார். சித்தப்பா டாக்டரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு நேராக பஸ் ஏறி வந்துவிட்டார். ஓய்வு எடுத்தால் தானாகச் சரியாகும் என்று அவர் நம்பினார். அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றார்.

"யாருக்கும்னா?" என்று கேட்டேன்.

"யாருக்கும்ணா. நான் வாயால சொல்லாத வரைக்கும் ஆட்டம் போகல. சொல்லிட்டா போயிடும்."

அப்போது நாம் திருவண்ணாமலையில், பெரிய கோயிலின் பேகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். கீழே ஒரு அறை, சமையல் இடம். மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை, அதில்தான் என் மைக்செட் சாமான்கள் இருக்கும். ஸ்பீக்கர் பெட்டிகள், குழாய் ஸ்பீக்கர்கள், ஒயர்ச் சுருள்கள், ஆம்பிளிஃபையர். அவற்றின் நடுவில் ஒரு பாயை விரித்தோம். தெருப்பக்கம் இருந்த ஒரே ஜன்னலைச் சாத்தினோம். கல்யாண நாள் வந்தால் பெட்டிகள் மண்டபத்துக்குப் போய்விடும், சித்தப்பாவுக்குக் காலை நீட்ட இடம் கிடைக்கும். கல்யாணம் இல்லாத நாளில் பெட்டியோடு பெட்டியாக அவரும் உட்கார்ந்திருப்பார்.

அவர் வந்த அந்த வாரமே பாட்டு வந்தது.

வேங்கிக்காலில் இருக்கிற ஒரு காலேஜ் பையன். சித்தப்பாவை அவன் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது, டி.வி.யில் பார்த்ததோடு சரி. ராப் என்று வேகமாகப் பேசிப் பாடுவார்களே, அந்த மாதிரிப் பாட்டு ஒன்றை எழுதி, தானே பாடி, போனிலேயே வீடியோவும் எடுத்துப் போட்டுவிட்டான். நான் அதை முதலில் கேட்டது ஒரு ஷேர் ஆட்டோவில். டமடமவென்று அடி விழுகிறது, நடுவில் எங்கள் ஊர்ப் பெயர் வருகிறது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "கேளுங்கண்ணா, நம்ம ஜில்லாக்காரரு" என்று எனக்கே சொன்னார்.

புடிச்சுப் பாரு, புடிச்சுப் பாரு, கையில காத்து!
ஏழு பேரு நின்னாக்கூட எகிறுவான் பாத்து!
மல்லாட்டைக் கொல்லையில வெளஞ்ச காலு,
மாட்டவே மாட்டான்டா எங்க ஊரு ஆளு!

நல்ல பாட்டுதான். நான் மைக்செட்காரன், பாட்டு எடுபடுமா படாதா என்று முதல் அடியிலேயே தெரிந்துவிடும். இது எடுபடும் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால், நீங்கள் இருவரும் எதிர்வீட்டு அக்கா போனில் அதையே போட்டு வாசலில் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மேலே ஓடினேன். சித்தப்பா சாத்திய ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பாடுறான்," என்றார். பிறகு, "மூச்சு நல்லா புடிக்கிறான். கபடிக்கு வந்திருக்கலாம்" என்றார். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

பாட்டு வந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் தெருப் பையன்கள். பிறகு பக்கத்துத் தெரு. அவர் வந்திருக்கிறார் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். அவர் காதுக்குத் தப்பி அந்தச் சந்தில் எதுவும் நடக்காது.

"இன்னாம்மா, உன் கொழுந்தன் வந்திருக்காராமே. வெளிய தலையே காட்டல? பசங்க பாவம் வெயில்ல நிக்குதுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமே."

உங்கள் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வராதவர்கள் சொல்கிற பொய் எங்கே போய் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவரு... விரதம்க்கா. மௌன விரதம். யார்கிட்டயும் பேசக்கூடாது. வெளிய வரக்கூடாது."

வேறு எந்த ஊராக இருந்தாலும், சரி, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போய்விடுவார்கள். இது திருவண்ணாமலை. கழுத்தில் மௌனம் என்று அட்டை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் கடையில் பால் வாங்குகிற ஊர். இங்கே ஒருவர் பேசவில்லை என்றால் அவரைப் பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்துவிட்டது. மறுநாள் எதிர்வீட்டு அக்கா படிக்கட்டின் கீழ்ப்படியில் ஒரு முழம் பூ வைத்துவிட்டுப் போனார். கூச்சல் போட்டுக்கொண்டு நின்ற பையன்கள் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றார்கள். ஒருவர் புது ஆட்டோவின் சாவியைக் கொண்டுவந்து படியில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் மேலே போய் இதைச் சொன்னதும் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னா அண்ணி, ஒரேயடியா சாமியாராவே ஆக்கிட்டீங்களே!" என்று கிசுகிசுத்தார்.

"நான் இன்னா பண்றது? வாயில அதான் வந்துச்சு," என்றாள் உங்கள் அம்மா. அவளும் கிசுகிசுத்தாள். அன்றிலிருந்து நம் வீட்டில் எல்லோருமே கிசுகிசுதான்.

முன்பு அவருக்கு நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது பேசவும் முடியாது. மௌன விரதக்காரர் குரல் தெருவில் கேட்கக்கூடாதே. கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே ஓடிப் பிழைத்தவர், ஷீட் கொதிக்கிற அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் தொடையைத் தட்டுவார், ஆட்டத்துக்கு முன் தட்டுவாரே, அதே தட்டல். கக்கூஸ் கீழே இருந்தது. அவர் இறங்க வேண்டுமென்றால் பாப்பா, நீ கோலமாவு டப்பாவோடு வாசற்படியில் உட்காருவாய். யாராவது வந்தால் டப்பாவைத் தட்டுவாய். தம்பி, நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாய். உன்னை அடக்குவதுதான் பெரிய வேலை. ஒருமுறை நீ டப்பாச் சத்தம் கேட்டதும் "சித்தப்பா, அவுட்டு!" என்று கத்திவிட்டாய். அவர் பாதிப் படியில், ஒற்றைக் காலில், வந்தவர் போகும்வரை அப்படியே சுவரைப் பிடித்து நின்றார்.

என் நிலைமை வேறு மாதிரி. போகிற கல்யாணத்தில் எல்லாம், "மைக்செட்காரரே, உங்க தம்பி பாட்டப் போடுங்க!" நான் போடுவேன். போடாவிட்டால் சந்தேகம் வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடுவார்கள், தாய்மாமன்கள் ஆடுவார்கள். ஒருவன் எகிறிக் குதித்துச் சமையல்காரர் மேல் விழுந்தான். பிறகு நான் பெட்டிகளை வண்டியில் ஏற்றி வந்து அவர் அறையிலேயே அடுக்குவேன். நாள் முழுக்க அவர் பாட்டைக் கத்திய பெட்டிகள். அவர் ஒரு பெட்டியின் வலைமேல் கையை வைத்து, கண்ணாலேயே கேட்பார், எத்தனை தடவை என்று. நான் ஒயர் சுற்றுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

விரதச் செய்தி பாட்டு எழுதிய அந்த வேங்கிக்கால் தம்பிக்கும் எட்டியது. அவன் பாட்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்தான்:

பேச மாட்டான் எங்க அண்ணன், பேசும் அவன் காலு!
மௌனம் கலைஞ்சு வரும்போது மெரளப்போறான் கேளு!

ஒருநாள் அவனே வந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பாட்டில் இருக்கும் அந்தத் தைரியம் முகத்தில் துளியும் இல்லாமல் நின்றான். இவனைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பா லுங்கியை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, உங்க ஆட்டத்தப் பாத்துட்டுத்தான் நான் எழுத ஆரம்பிச்சேன்ணா. அதுக்கு முன்னாடி எனக்கு நாலு பேரு முன்னால பேசக்கூட வராது," என்றான். சித்தப்பா தலையாட்டினார். அவன் தயங்கி, "ஒரே ஒரு தடவ காலத் தொட்டுக் கும்பிட்டுக்கட்டுமாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்துவிட்டான்.

அவன் கை பாதத்தில் படவில்லை. முட்டிக்குப் பக்கத்தில் பட்டது. லுங்கிக்கு உள்ளே இருந்த கட்டும் கம்பியும் அவன் விரலுக்குத் தெரிந்திருக்கும். கையை எடுக்காமல் ஒரு நொடி அப்படியே இருந்தான். பிறகு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "வரேன்ணா" என்று இறங்கிப் போனான். தெரிந்துகொண்டானா இல்லையா என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

அடுத்து வந்தவர் எங்கள் தாய்மாமா. ஊர்க் கபடிக் குழுவை அவர்தான் நடத்துகிறார். சித்தப்பாவை முதன்முதலில் கோட்டுக்குள் இறக்கிவிட்டதும் அவர்தான். படியேறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள! விரதத்த எங்க முடிக்கப்போற? கோயில்லன்னு மட்டும் சொல்லாத. நம்ம மண்ணுலதான் முடிக்கணும். ஊர்ல பேசி வெச்சுட்டேன். ஞாயித்துக்கெழம. அந்தப் பாட்டுப் பையன நேர்லயே வரச்சொல்லி இருக்கறேன். அவன் பாடி நிறுத்தறான், நீ வாயத் தெறக்கற. மொத வார்த்தையே கபடி கபடின்னு வரணும். அப்டியே பாடிக்கிட்டு வர்ற, நம்ம பசங்க ஏழு பேரும் கை கோத்து நிப்பானுங்க, எகிறி அந்தப் பக்கம் போயிடற. எப்டி?"

சித்தப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேகமாக ஆட்டினார்.

மாமா என்னைப் பார்த்து, "பாத்தியாடா, எவ்ளோ அடக்கம்! இதான்டா பெரிய பிளேயரு," என்றார்.

"மாமா, இப்ப வேணாமே. மெத்தையில ஆடிப் பழகினவன், மண்ணுல அடிகிடி பட்டுட்டா..."

"இந்த மண்ணுலதானடா விழுந்து பொரண்டு வளந்தான்? செட்டு உன்னுதுதான், வேற ஆள வெக்கல. பாட்டு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கேக்கணும், சொல்லிட்டேன்."

அவர் போன பிறகு நாங்கள் மூவரும் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். நீங்களும் ஏறி வந்து உட்கார்ந்தீர்கள். சித்தப்பாதான் முதலில் பேசினார், கிசுகிசுப்பாக.

"எகிறிடறேண்ணா. ஒரே ஒரு தடவதானே. கட்ட இறுக்கிப் போட்டுக்கறேன். வலி தெரியாம ஊசி போட்டுக்கலாம். எகிறிடுவேன்."

"எறங்கறப்ப?"

அவர் முட்டிக் கட்டை இழுத்துச் சரிசெய்தார்.

"தம்பி, இருக்கற காலையும் ஒடச்சிக்காதீங்க," என்றாள் உங்கள் அம்மா. "போய் சொல்லிடுங்க. ஊர் இன்னா அடிக்கவா போவுது?"

"சொல்லிட்டு? அப்புறம் நான் யாரு அண்ணி? தெருவுல போனா அந்தப் பாட்டு அடிக்கும், நான் நொண்டிக்கிட்டுப் போவேன். அதப் பாக்கவா?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

பாப்பா, அப்போது நீ கேட்டாய்: "சித்தப்பா, விரதம் முடிஞ்சா மொதல்ல இன்னா பேசுவீங்க?"

"உங்க மாமா தாத்தா சொல்லிட்டுப் போனாரே, கபடி கபடின்னு."

"நானா இருந்தா பசிக்குதுன்னு சொல்லுவேன்," என்றாய். "இவ்ளோ நாள் பேசலைன்னா பசிக்குமில்ல?"

அவர் சிரித்தார், சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு வெகுநேரம் உன் தலையில் கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்னாடியே போய்க் குழாய் கட்டினேன். மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் மண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, கோடு போட்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் கூட்டம் சேர்ந்தது. வரப்பில், டிராக்டர் மேல், வேப்பமரக் கிளையில் எல்லாம் ஆள். சித்தப்பா வேனில் வந்து இறங்கினார். முழுக்கால் டிராக் பேண்ட். நொண்டாமல் நடந்தார். எப்படி நடந்தார் என்பது அவர் தாடையைப் பார்த்த எனக்கும் உங்கள் அம்மாவுக்கும்தான் தெரியும். ஊசி போட்டுக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. எகிறப் போகிறாரா என்றும் கேட்கவில்லை. கேட்டாலும் அங்கே அவர் பேச முடியாது.

அவர் பாடுவது எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மாமா காலர் மைக் கேட்டிருந்தார். நான்தான் அதை அவர் பனியனில் குத்தினேன். துணிக்கு அடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது விரலுக்குத் தெரிந்தது. "டேய்," என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுக் கோட்டுக்குப் போனார்.

வேங்கிக்கால் தம்பி பாடினான். கூட்டமே சேர்ந்து பாடியது. புடிச்சுப் பாரு, புடிச்சுப் பாரு. ஆனால் அவன் சரியாகப் பாடவில்லை. அடி ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போயின. கண்ணை சித்தப்பா காலிலிருந்து எடுக்கவே இல்லை. பேசும் அவன் காலு என்ற வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டான். கூட்டம் அந்த வரியைப் பாடி முடித்தது. சொல்லி வைத்தபடி நான் பாட்டை நிறுத்தினேன். சித்தப்பாவின் மைக்கை ஏற்றினேன்.

முதலில் வந்தது அவர் மூச்சு. நான்கு குழாயிலும் அவர் மூச்சு, உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து, கொல்லை முழுக்கக் கேட்டது. கூட்டம் அப்படியே அடங்கியது. எதிரே ஏழு பையன்கள் கைகோத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா நல்ல காலை மட்டும் மடக்கிக் குனிந்து, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"முட்டி போயிடுச்சு," என்றார்.

குழாய் எல்லாம் அதைச் சொன்னது. தூரத்தில் எங்கோ மோதி ஒருமுறை திரும்பியும் வந்தது.

"ஜவ்வு கிழிஞ்சிடுச்சுங்க. இனிமே ஆடக் கூடாதுன்னுட்டாங்க. என்னால எகிற முடியாது. விரதம் எல்லாம் இல்ல. வெளிய வரப் பயந்துக்கிட்டு மேல உக்காந்துகிட்டு இருந்தேன்."

முன்வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அட எழவே! இதச் சொல்றதுக்கா இத்தினி நாளு வாயத் தெறக்காம இருந்த?"

ஒருவர் சிரித்தார். பிறகு பத்து பேர். பிறகு சித்தப்பாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் குழாயில் போனது. சத்தத்தோடு அவர் சிரித்து நாங்கள் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. பின்னாலிருந்து விசிலடித்துக் கேலி செய்தார்கள். "அப்ப பாட்டு டூப்பா?" என்று ஒருவன் கத்தினான். வேங்கிக்கால் தம்பி மைக்கில், "நான் எழுதறப்ப நெசம்தாங்க," என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே வரப்பேறிப் போனார். அவர் நம் வீட்டில் மறுபடி காபி குடிக்கப் பொங்கல் வரை ஆனது. பாதிக் கூட்டம் போய்விட்டது.

அந்த ஏழு பையன்கள்தான் பாவம். கையை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கோத்தபடியே நின்றார்கள். பிறகு ஓரத்தில் இருந்தவன் நடக்க ஆரம்பித்தான், மற்றவர்களும் கையை விடாமல் கூடவே வந்தார்கள். சித்தப்பாவைச் சுற்றி வளைத்தார்கள். தோள் கொடுத்து, அவர் கால் தரையில் ஊன்றாதபடி, நாற்காலி வரை கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவர் திமிறவில்லை.

திரும்பும்போது வேங்கிக்கால் தம்பியும் நம் வேனில்தான் வந்தான். "அன்னிக்கே எனக்குத் தெரியும்ணா," என்றான். "கட்டு கையில பட்டுச்சு. பாட்ட எடுத்துடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள எல்லார் போன்லயும் போயிடுச்சு. இப்பவும் சொல்லுங்க, என்கிட்ட இருக்கறத மட்டுமாவது அழிச்சிடறேன்."

"விடுடா. நல்லாத்தான் பாடி வெச்சிருக்க," என்றார் சித்தப்பா. தன் குரலில், சாதாரணமாக, வேன் ஜன்னல் திறந்திருக்க.

மறுநாள் காலையில் அவர் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, யாருடைய டப்பாவும் தட்டாமல் இறங்கினார். தெருவில் நொண்டிக்கொண்டே நடந்தார். எதிர்வீட்டு அக்கா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என் பூவ எல்லாம் திருப்பிக் குடு," என்றார். "கட்டினதா, உதிரியாக்கா?" என்று இவர் கேட்டார். முனைக் கடையில் அந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் இவரைப் பார்த்ததும் அதை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் கம்மி பண்ணினார். "காலு எப்டி இருக்குது?" என்று கேட்டார்.

பாட்டு வந்த நாளிலிருந்து அவரைத் தேடி வந்த ஒருவரும் அதைக் கேட்டதில்லை. சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி, எங்கே கிழிந்தது, எப்படிக் கிழிந்தது, டாக்டர் என்ன சொன்னார், படியேறினால் எங்கே வலிக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. மாஸ்டர் அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தார். அதுவும் ஆறியது. நான் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு பேச்சு அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் அதற்குப் பிறகு ஆனது. நடை சரியாகிவிட்டது, ஆட்டம் திரும்பவில்லை. இப்போது என்னோடு மைக்செட் வண்டி ஓட்டுகிறார். கல்யாணத்தில் யாராவது அந்தப் பாட்டைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். பென் டிரைவை என் கையில் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று போய்விடுவார். கோபம் எல்லாம் இல்லை. அந்தப் பாட்டுக்குள் அவர் இன்னும் எகிறிக்கொண்டே இருக்கிறார். கேட்கும்போதெல்லாம் அந்த ஷீட் அறை ஞாபகம் வருகிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அதனால் அடுத்த தடவை பாட்டு வரும்போது அவர் எழுந்து போனால், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். ஆடுவதாக இருந்தால் ஆடுங்கள், அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்ததும், கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வார். நேரமாகும், கூட உட்கார்ந்து கேளுங்கள்.